இளைத்தவன் கணக்கு

தடித்த உடம்புக்காரரிடம் "என்ன, இப்படி ஊதிட்டீங்க?" என்று கேட்க இப்போதெல்லாம் ஆட்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள். ஒல்லியானவனிடம் அந்த யோசனையெல்லாம் கிடையாது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரும் முன்பே ஆரம்பித்துவிடும். "ஏல, வீட்ல சோறு போடுதாங்களா இல்லையா?" "காத்தடிச்சா பறந்துருவ போலிருக்கே." "வயித்துல பூச்சி இருக்கும், மருந்து வாங்கிக் குடுங்க." சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாசத்தில்தான் சொல்கிறார்கள். கேட்கிறவனுக்குத்தான் சோறு இறங்காது.

எங்கள் குடும்பமே அந்த ரகம். தாத்தா, அப்பா, நான், அக்கா மகன் என்று நாலு பேரையும் வரிசையாக நிறுத்தினால் ஒரே வார்ப்பு. நீண்ட கை, குறுகின தோள், துருத்தி நிற்கும் காறை எலும்பு. இத்தனைக்கும் அப்பா இலையில் மூன்று தரம் சோறு வாங்குகிறவர். "திங்கிறதெல்லாம் எங்கதான் போவுதோ" என்று ஆச்சி அலுத்துக்கொள்வாள்.

ஆச்சியின் கேள்விக்கு அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவின் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் பதில் தேடினார்கள். அது 1999-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பருமன் இல்லாத 16 பேருக்கு, அவரவர் தேவைக்கு மேல் தினமும் 1000 கலோரி கூடுதலாக 8 வாரம் சாப்பிடக் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை; இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். பயிற்சி என்று யாரும் தனியாக எதுவும் செய்யவில்லை. எழுவது, நிற்பது, நடமாடுவது, உட்கார்ந்த இடத்தில் நெளிவது என்ற சின்னச் சின்ன அசைவுகளில்தான் வித்தியாசம் இருந்தது. கூடுதலாகத் தின்றதும் சிலருடைய உடம்பு தன்னை அறியாமலே கூடுதலாக அசைந்து, வந்ததையெல்லாம் செலவழித்துவிடுகிறது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். "காலை ஆட்டாதல, வீட்டுக்கு ஆவாது" என்பாள் ஆச்சி. வீட்டுக்கு ஆகுமோ ஆகாதோ, உடம்பு தேறுவதற்கு ஆகவில்லை.

அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்த வருடம் ஜிம்முக்குப் போக ஆசைப்பட்டான். ஆசைப்பட்ட கையோடு அவநம்பிக்கையும் வந்துவிட்டது. "மாமா, நான் எக்டோமார்ஃப். எனக்கெல்லாம் ஒட்டாது" என்றான். ஆண் உடம்புகளைப் புகைப்படம் எடுத்து மூன்று வகையாகப் பிரித்து, அதை வைத்துக் குணத்தையும் சொல்லிவிடலாம் என்று நம்பிய ஷெல்டன் என்ற உளவியலாளர் 1940-களில் பரப்பின சொல் அது. அவருடைய குண ஜோசியத்தை அறிவியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. சொல் மட்டும் ஜிம்களில் தலைவிதி மாதிரி உலவுகிறது.

ஜிம் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. ஆளுயரக் கண்ணாடி, துருவேறிய பிளேட்டுகள், கீழேயிருந்து ஏறிவரும் மிளகாய் வற்றல் நெடி. கண்ணாடிக்கு முன்னால் பையன்கள் டம்பெல்லைத் தூக்கித் தூக்கி பைசெப்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பையனும் நேராக அங்கேதான் போனான். மாஸ்டர் கூப்பிட்டார். "தம்பி, கை எங்கயும் ஓடிப்போகாது. மொதல்ல காலு, முதுகு, நெஞ்சு." வெறும் பாரைத் தோளில் ஏற்றி ஸ்குவாட் உட்காரச் சொன்னார். பிளேட் மாட்டாத பாரே 20 கிலோ. ஐந்தாவது தரத்தில் முழங்கால் நடுங்கியது. பாரை இறக்கிவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார். தேதி, எடை, எத்தனை தரம் என்று மூன்று கட்டம். "அடுத்த வாரம் ஒரு தரமாவது கூடணும், இல்ல எடை கூடணும். ரெண்டும் கூடலைன்னா, வேடிக்கை பாக்க வந்திருக்கன்னு அர்த்தம்." துணைக்குப் போன என்னையும் ஏற இறங்கப் பார்த்தார். "சார், நீங்களும் சும்மாதான நிக்கிறீங்க?" எனக்கும் ஒரு நோட்டு வந்து சேர்ந்தது.

அந்த நோட்டுக்குள் இருக்கிற சூத்திரம் சாதாரணமானது இல்லை. இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டுப் படுத்த சிப்பாய்களின் காலுக்குப் பலம் திரும்ப, தாமஸ் டிலோர்ம் என்ற ராணுவ மருத்துவர் கனமான எடையைக் குறைந்த தரம் தூக்கவைத்து, எடையைப் படிப்படியாகக் கூட்டினார். 1945-ல் அதை எழுதி வெளியிட்டார். உலகத்து ஜிம்களெல்லாம் இன்றைக்கும் அந்தப் பாதையில்தான் போகின்றன. நேற்றைய சுமையையே இன்றும் தூக்கினால், புதிதாகத் தசை போட வேண்டிய அவசியம் உடம்புக்கு இல்லை. தூக்குகிறபோது தசை வளர்வதும் இல்லை; தின்று, தூங்கி எழுகிறபோதுதான் வளர்கிறது. ராத்திரி இரண்டு மணி வரை செல்போன் பார்க்கிற பையனுக்கு எந்த மாஸ்டராலும் உதவ முடியாது.

அடுத்தது அடுப்படி. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 100 கிராம் எள்ளில் ஏறக்குறைய 570 கலோரி. எடையில் பாதி எண்ணெய்ச் சத்து. அதே அளவு கொள்ளில் 330 கலோரிக்குள்தான், கொழுப்பு பெயருக்கு. வடித்த சோற்றிலோ 100 கிராமுக்கு 130 கலோரிதான். ஒல்லியானவர்களில் பலருக்கு வயிறு சட்டென்று நிறைந்துவிடும். அவர்கள் தட்டில் சோற்றைக் குவித்துப் பயனில்லை. கொஞ்சம் தின்றாலும் நிறையத் தருகிற பண்டமாக வேண்டும். அக்கா உளுந்தங்களி கிண்ட ஆரம்பித்தாள். கருப்பட்டிப் பாகில் மாவைக் கொட்டிக் கிளறி, கரண்டி கரண்டியாக நல்லெண்ணெய் விட்டு உருட்டுவாள். களியை நடுவில் குழித்து, அந்தக் குழியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால்தான் அவளுக்குத் திருப்தி.

தசைக்குப் புரதம் வேண்டும். பளு தூக்குகிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் இருந்தால் போதும் என்கிறார்கள். 50 கிலோ பையனுக்கு 80 கிராம். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சோறு, ராத்திரி தோசை என்று ஓடுகிற வீட்டில் அதில் பாதியைத் தொடுவதே பாடு. மூன்று முட்டை, அரை லிட்டர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை சேர்த்தால் மேற்கொண்டு 40 கிராம் தேறிவிடும். இதற்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து டப்பா வாங்க வேண்டியதில்லை. 'வெயிட் கெயினர்' என்று விற்கிற மாவில் பலவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரையும் மாவுச்சத்தும்தான். பேர் தெரியாத லேகியமும் மாத்திரையும் அதைவிட மோசம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கன்னம் உப்பும், உடம்பில் நீர் கோக்கும், வீட்டார் "தேறிட்டான்" என்பார்கள். தேறுவது வைத்தியச் செலவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து ஒல்லி என்பது வேறு, இருந்த உடம்பு திடீரென்று கரைவது வேறு. இரண்டாவது என்றால் ஜிம்முக்கு முன்னால் மருத்துவரிடம் போக வேண்டும். காசநோய், சர்க்கரை, தைராய்டு எல்லாம் அப்படித்தான் தலைகாட்டும்.

பயிற்சி இல்லாமல் வெறுமனே தின்று எடை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம்முடைய பஸ் ஸ்டாண்டுகளே சாட்சி. கையும் காலும் குச்சி, நடுவில் தொப்பை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், தன்னையே உதாரணமாக வைத்து 2004-ல் 'லான்செட்' இதழில் ஒரு படம் வெளியிட்டார். அவரும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் ஊரில் சர்க்கரை நோய் இவ்வளவு பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே ஒல்லியானவனுக்கு வேண்டியது வெறும் எடை அல்ல, தசை.

நம் சினிமா வெகுகாலம் ஒல்லி உடம்பைச் சிரிப்புக்குத்தான் வைத்திருந்தது. ஓமக்குச்சி நரசிம்மன் என்ற பெயரே போதும். 2002-ல் 'துள்ளுவதோ இளமை' வந்தபோது தனுஷைப் பார்த்து இவரெல்லாம் ஹீரோவா என்றார்கள். 2007-ல் 'பொல்லாதவன்' கடைசிச் சண்டையில் அவர் சட்டையைக் கழற்றினார். உடம்பு பெருத்திருக்கவில்லை, அதே ஒல்லிதான். தசை மட்டும் முறுக்கேறி இருந்தது. தியேட்டர் விசிலடித்தது.

அக்கா மகனுக்கும் அதுதான் நடந்தது. மாதம் ஒரு கிலோவுக்குக் கீழேதான் ஏறியது. சில மாதம் அதுவும் இல்லை. ஆனால் நிறைந்த காஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதை இரண்டாம் மாடிக்கு அவன் ஒரே மூச்சில் கொண்டுபோய் வைக்கிறான். இப்போது யாரும் அவனைக் குண்டு என்று சொல்லிவிட முடியாது. நோஞ்சான் என்றும் சொல்ல முடியாது.

என் வயதுக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். முப்பது, நாற்பதைத் தாண்டியதும் தசை தானாகவே கரையத் தொடங்குகிறது. ஒல்லியானவன் சின்ன முதலோடு கடை போட்டவன். கரைய ஆரம்பித்தால் கைவசம் அதிகம் இல்லை. "இனிமேல் என்ன இருக்கு" என்று கையை விரிக்கவும் வழியில்லை. 1990-ல் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர், பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்த 90 வயதையொட்டியவர்களுக்கு 8 வாரம் காலுக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார். கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. தொண்ணூறில் முடிகிறது என்றால், இருபதில் நிற்கிற பையனும் ஐம்பதில் நிற்கிற அப்பனும் சொல்லக்கூடிய சாக்கு ஒன்றும் மிச்சமில்லை. எடை மெஷினில் ஏறுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.