மார்கழி மொச்சை

சென்னையில் ஏது குளிர் என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. இருக்கட்டும். விடியற்காலையில் பால் வாங்கப் போகும்போது காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொள்கிறீர்களா, இல்லையா? அந்தக் குளிரைத்தான் சொல்கிறேன். அதற்கென்றே ஏற்பட்டது திருவாதிரைக் குழம்பு.

மார்கழித் திருவாதிரையன்று நடராஜருக்குக் களி படைப்போம். அந்தக் களிக்குக் குழம்பு துணை என்பார்கள். என்னைக் கேட்டால் களிதான் துணை! பூசணி, பரங்கி, அவரை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, மொச்சை என்று 7 நாட்டுக் காய்கள், வெந்த துவரம் பருப்பு, புளி, கொத்தமல்லி விதை, மிளகாய், கடலைப் பருப்பு, தேங்காய் வறுத்து அரைத்த விழுது. காய்களை எத்தனை கூட்டினாலும் சரி, மொச்சை இல்லாவிட்டால் அது வெறும் சாம்பார்.

பச்சை மொச்சையை இரவே தண்ணீரில் போட்டு, காலையில் விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும். பருப்பு துள்ளி விழும். எங்கள் வீட்டில் அது அப்பாவின் வேலை. வாயு என்று வயிற்றைத் தடவிக்கொள்வார். பெருங்காயத்தைக் கூடப் போடச் சொல்வார். பிறகு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

ஒரு வருஷம் ஆடியில் கொல்லை முழுவதும் மொச்சை விதைத்தார். புரட்டாசியில் நான் ஊருக்குப் போனபோது இலைதான் தழைத்து நின்றது; பேருக்கு ஒரு பூ இல்லை. பட்டணத்துப் படிப்பு சும்மா இருக்குமா?

"பிடுங்கிப் போட்டுவிட்டுக் கத்தரி வைக்கலாமே, அப்பா" என்றேன்.

"பொழுது சுருங்கட்டும்டா" என்றார்.

ஐப்பசியில் அப்பா போய்விட்டார். காரியங்கள் முடிந்து நான் சென்னைக்குத் திரும்பிய பிறகு செடி பூத்ததாம். பழைய நாட்டு மொச்சை பகல் குறைந்து இரவு நீண்டால்தான் பூக்கும். அதற்கு முன் என்ன உரம் போட்டாலும் அசையாது. எந்தப் பருவத்திலும் காய்க்கும் ரகங்கள் இப்போது வந்திருக்கின்றன. இதெல்லாம் பிற்பாடு ஒரு கட்டுரைக்காகப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

திருவாதிரைக்கு ஊருக்குப் போனேன். அந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை கிடையாது. அடுப்பில் களி ஏறவில்லை. கொல்லையில் காய்த்ததையெல்லாம் அம்மா தினமும் பறித்துத் தெருவுக்குக் கொடுத்திருந்தாள். பண்டிகை இல்லாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். பத்து மணிக்குள் மூன்று வீட்டுத் தூக்குகள் வந்துவிட்டன. ஒன்றில் புளி தூக்கல். ஒன்றில் காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. அல்லது காரத்தின்மேல் நான் பழி போட்டேன். மூன்றிலும் அப்பாவின் மொச்சை.

அம்மா ஒரு மொச்சையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"நன்னா வெந்திருக்கு. சாப்பிடு" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

கத்தரி வைக்கச் சொன்ன கதையை அவளிடம் நான் இன்றுவரை சொன்னதில்லை.

சாயங்காலம் தூக்குகளைக் கழுவித் துடைத்தாள். வெறுமையாகத் திருப்பக் கூடாதல்லவா? மூன்றிலும் மொச்சையை நிரப்பி, "போய்க் கொடுத்துட்டு வா" என்றாள்.