குற்றம் காட்டும் கடை

உப்பும் புளியும் வாங்க எவரும் ஊர் கடந்து செல்வதில்லை. அடுத்த தெருக் கடையே அவற்றுக்குப் போதும். பொருளோடு அப்பொருளைப் பற்றிய நுண்ணறிவையும் சேர்த்துப் பெற வேண்டிய தேவை எழும்போதுதான் மனிதன் பெருநகரை நோக்கிப் புறப்படுகிறான். பண்டைத் தமிழர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் கடைத்தெருக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுகின்றன. மணிகளுக்கு ஒரு தெரு; பொன்னுக்கு ஒரு தெரு; துணிக்கு ஒரு தெரு; கூலத்துக்கு ஒரு தெரு. மணித்தெருவைக் காட்டும்போது இளங்கோவடிகள் மணிகளின் ஒளியைப் புகழ்வதோடு நின்றுவிடவில்லை. அவற்றில் இருத்தலாகாத குற்றங்களையும் எடுத்துரைக்கிறார். பொருளின் குற்றத்தை அறிந்தவர் அமர்ந்திருக்கும் இடமே சிறப்பங்காடி என்பது அதனால் விளங்கும். அதே மதுரையில்தான் கோவலன் முன்பின் அறியாத ஒரு பொற்கொல்லனிடம் சிலம்பைக் காட்டி உயிரிழந்தான் என்பதையும் மறத்தலாகாது. பெருநகரின் அங்காடி அறிவையும் தரும், ஆபத்தையும் தரும்.

இக்காலத்தில் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது படக்கருவிக் கடை. ஒரு காலத்தில் படச்சுருள் விற்பதற்கும் படம் கழுவித் தருவதற்கும் சிறு பட்டணங்களிலும் கடைகள் இருந்தன. கைப்பேசியிலேயே படமெடுக்கும் வசதி வந்தபின் அவை ஒவ்வொன்றாக மறைந்தன. மின்னியல் படக்கருவிகள் 2010ஆம் ஆண்டில் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்டன. 2021இல் அத்தொகை ஏறத்தாழ 84 இலட்சமாகச் சுருங்கியது. படச்சுருளுக்கே மறுபெயராக விளங்கிய கோடாக் நிறுவனம் 2012இல் கடன்காப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. வாங்குவோர் குறைந்தால் சிற்றூர்க் கடை நிலைக்காது; எஞ்சிய சில கடைகள் பெருநகரில் ஒருங்கே கூடி ஒன்றையொன்று தாங்கி நிற்கும். ஒரு கடையில் இல்லாத உறுப்பை அடுத்த கடையில் கேட்டு வாங்கலாம். பழுது பார்ப்பவர் மாடியில் இருப்பார். வாங்க வருபவனும் ஒரே நாளில் நான்கு விலைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

மலாக்காப் பட்டணத்துக்கு வடமேற்கே கடலோரத்தில் அமைந்தது கிளேபாங். விடுமுறை நாள்களில் இளநீர்க் கலவை பருகவும் மணல்மேட்டில் நின்று படமெடுக்கவும் மக்கள் அங்குத் திரள்வர். அவ்வூரில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் பென்டாக்ஸ் கே1000 என்னும் கருவி ஒன்று உண்டு. 1976 முதல் 1997 வரை செய்யப்பட்ட அக்கருவி, படமெடுக்கக் கற்ற மாணவர் பலருக்கு முதற்கருவியாக விளங்கியது. ஒளியளவைக் காட்டும் முள்ளுக்கு மட்டுமே அதில் சிறு மின்கலம் வேண்டும். மற்றவையெல்லாம் பற்சக்கரமும் சுருள்வில்லுமே. மின்கலத்தை நிறுத்தி வைக்கும் விசைகூட அதில் இல்லை. வில்லையை மூடி வைப்பதே அதற்கு ஓய்வு.

அந்த ஆசிரியர் தோட்டப் பள்ளிகளில் பணியாற்றிய காலத்தில் விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு, பொங்கல் விழா ஆகிய அனைத்தையும் அக்கருவியால் பதிவு செய்தார். தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் சாமான்களை லாரியில் ஏற்றிய நாளிலும் அவர் கையில் அது இருந்தது. பின்னர் அது தோலுறையில் இடப்பட்டு அலமாரியின் மேல்தட்டுக்குச் சென்றது. பல ஆண்டுகள் கழித்துப் பேரப்பிள்ளை ஒன்று படமெடுக்கக் கற்றுத்தரும்படி கேட்டபோதுதான் அது மீண்டும் வெளியே வந்தது. வில்லையினுள் சிலந்தி வலைபோல் வெண்ணிற இழைகள் படர்ந்திருந்தன. அது பூஞ்சணம்.

கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபது, எழுபதைக் கடந்து நீடித்தால் பூஞ்சணம் எளிதில் வேர்கொள்ளும். இருளும் அசையாக் காற்றும் அதற்கு உகந்தவை. கருவியைக் காக்கும் என்று நம்பிய தோலுறையே ஈரத்தைப் பிடித்து வைத்துக் கேடு செய்யும். நாள்பட்ட பூஞ்சணம் சுரக்கும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரித்துக் கண்ணாடியிலும் வடுவை ஏற்படுத்தும்.

ஆசிரியர் கோலாலம்பூருக்குப் புறப்பட்டார். முன்னாளில் மலாக்காப் பேருந்துகள் 1976இல் திறக்கப்பட்ட புடுராயா நிலையத்தில் சென்று நிற்கும். இன்று தென்திசைப் பேருந்துகள் பண்டார் தாசிக் செலாத்தான் முனையத்தில் நிற்கின்றன. அவருடைய நினைவில் இருந்த நகரமும் பெரிதும் மாறியிருந்தது. பழைய காலத்தில் அவர் படச்சுருள் வாங்கிய புக்கிட் பிந்தாங் பிளாசா 2015இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. பெருநகரக் கடைகளைத் தேடுபவர் பழைய நினைவை மட்டும் நம்பிச் செல்லலாகாது. புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டறிவது பயணச் செலவைக் காக்கும்.

முதலில் அவர் நுழைந்தது பேரங்காடி ஒன்றில் ஒளிவெள்ளத்தில் மிதந்த ஒரு கடை. விற்பனை இளைஞர் பழைய கருவியைக் கையில் வாங்கவும் இல்லை. புதிய கருவி ஒன்றை மேசைமேல் வைத்துத் தவணைக் கணக்கைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அதன் விலை ஆசிரியரின் ஓய்வூதியம் இரு திங்களுக்கு வருவது. அவர் நன்றி கூறி வெளியேறினார்.

பின்னர் இலகு இரயிலில் புடு நிலையத்துக்குச் சென்று, புடு பிளாசாவை அடைந்தார். வெளித்தோற்றத்தில் மங்கிய பழைய கட்டடம் அது. உள்ளேயோ, படக்கருவி வாங்குவோரும் விற்போரும் பழுது பார்ப்போரும் பல்லாண்டுகளாகக் கூடும் இடம். கண்ணாடிப் பேழைகளில் பயன்படுத்திய கருவிகள் விலைச்சீட்டுடன் வரிசையாக நின்றன. ஒரு சிறிய கடையில் முதிய சீனர் ஒருவர் கருவியை வாங்கினார். வில்லையைத் திருகிக் கழற்றி, அதன் பின்புறமிருந்து சிறு கைவிளக்கால் ஒளி பாய்ச்சி, ஆசிரியரையும் அருகே அழைத்துப் பார்க்கச் செய்தார். மலாய் மொழியில் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். தூசு இருக்கிறது, அதனால் கேடில்லை. பூஞ்சணத்தைத் துடைக்கலாம், ஆனால் நடு வில்லையில் வடு விழுந்துவிட்டது, அது போகாது. கருவியின் திரை சரியாக ஓடுகிறது. பின்மூடியின் பஞ்சுப்பட்டை மட்டும் உளுத்துவிட்டது, அதை மாற்ற வேண்டும். வில்லையைத் துப்புரவாக்கும் கூலியைவிட, அதே வகையில் குற்றமற்ற பழைய வில்லை ஒன்று மலிவாகவே கிடைக்கும். கூலி பெற்றுத் துடைத்துக் கொடுத்திருந்தாலும் ஆசிரியர் மகிழ்ந்தே சென்றிருப்பார். ஆயினும் அம்முதியவர் அதைச் செய்யவில்லை. அவர் விற்றது முதலில் உண்மையை, பிறகுதான் வில்லையை.

ஆசிரியர் பணம் கொடுக்கும்போது முதியவர் ஒரு கேள்வி கேட்டார்: பழைய நெகட்டிவ் சுருள்கள் எங்கே இருக்கின்றன? அதே அலமாரியில் என்று விடை வந்தது. கருவி கெட்டால் வேறொன்று தேடிக் கொள்ளலாம். அவை கெட்டால் எங்கும் தேட முடியாது என்று அவர் சொன்னார். ஆசிரியர் அன்று கோலாலம்பூரில் பெற்ற பெரும்பொருள் இந்தச் சொல்லே.

சிறப்பங்காடிக்குச் செல்பவர் தம்மிடமும் சில தகுதிகளைக் கொண்டு செல்ல வேண்டும். தமக்கு வேண்டியது இன்னதென்று எழுதி வைத்திருத்தல் முதல் தகுதி. கருவியையே கையில் கொண்டு செல்லுதல் இரண்டாவது; பெயரைச் சொல்லி வாங்கிய உறுப்பு வீட்டில் பொருந்தாமற் போவதுண்டு. பயன்படுத்திய வில்லையாயின் ஒளிக்கு எதிரே பிடித்துப் பூஞ்சணம், கீறல், மங்கல் ஆகியவற்றைத் தாமே பார்த்தல் மூன்றாவது. புதிய பொருளாயின் உத்தரவாதம் யாருடையது, இந்நாட்டு முகவருடையதா, கடைக்காரருடையது மட்டுமா என்று கேட்டறிந்து பற்றுச்சீட்டைப் பெறுதல் நான்காவது. அவசரப்படுத்தும் கடையிலிருந்து வெளியேறும் துணிவு ஐந்தாவது. சிங்கப்பூர்ச் சிம் லிம் சதுக்கத்தில் 2014இல் கைப்பேசி வாங்கிய வியட்நாமியப் பயணி ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்டு மண்டியிட்டு அழுத காட்சியை உலகமே கண்டது. அக்கடைக்காரர் மறு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். கோவலன் கதை பழங்கதை அன்று.

அதே சிங்கப்பூரில் நல்லனவும் உண்டு. நகர மண்டப இரயில் நிலையத்துக்கு அருகில் கோல்மன் தெருவை ஒட்டியுள்ள பெனின்சுலா கட்டடங்கள் படக்கருவிக் கடைகளுக்குப் பெயர்பெற்றவை. அவ்வட்டாரத்துக்கு ஒரு பழைய தொடர்பும் உண்டு. பக்கத்து ஹில் தெருவில்தான் லீ சகோதரர் படநிலையம் 1910 முதல் 1923 வரை இயங்கியது. அங்கு எடுக்கப்பட்ட பல இன மக்களின் படங்கள் இன்று சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. படம் எடுத்தவரும் மறைந்தார், எடுக்கப்பட்டவரும் மறைந்தனர், படங்கள் பாதுகாக்கப்பட்டமையால் அவர்கள் முகங்கள் வாழ்கின்றன.

மலாக்காத் தமிழர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டபோது மலாயாவின் வணிக இரப்பர்த் தோட்டத் தொழில் இம்மாநிலத்தில்தான் கால்கொண்டது. அத்தொழிலை நம்பிப் பல தலைமுறைத் தமிழர் வாழ்ந்த தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆலயம் இடம் மாறிற்று. பள்ளியும் இடம் மாறிற்று. அங்கு வாழ்ந்தோரின் முகங்களைக் காத்து நிற்பவை அலமாரிகளிலும் பிஸ்கட் டின்களிலும் கிடக்கும் சில நெகட்டிவ் சுருள்களே. ஈரம் அவற்றையும் விடாது. வண்ணம் மங்கும், பழைய சுருள் சுருங்கிப் புளிக்காடி நாற்றம் வீசத் தொடங்கினால் அழிவு நெருங்கிவிட்டது என்று பொருள்.

கிளேபாங் ஆசிரியர் ஊர் திரும்பியதும் தோலுறையை நீக்கினார். காற்றுப்புகாத பெட்டி ஒன்றில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு கருவியை வைத்தார். ஈரப்பதத்தை நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே நிறுத்த மலிவான அளவுமானி ஒன்று போதுமாக இருந்தது. பின்னர்ச் சுருள்களை ஆண்டுவாரியாகப் பிரித்துத் தாளுறையில் இட்டு, முன்னாள் மாணவர் ஒருவரின் உதவியுடன் அவற்றை மின்வருடியால் கணினியில் ஏற்றத் தொடங்கினார். ஒவ்வொரு படத்தின் கீழும் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் நிற்பவர் பெயரும் எழுதப்படுகின்றன. பெயர் நினைவுக்கு வராத முகங்களுக்காக அவர் பழைய பெற்றோரின் வீடுகளுக்கு நடக்கிறார்.

பழுது பார்க்கும் முதியவரின் தொழிலைக் கற்க இளைஞர் பலர் முன்வருவதில்லை. அத்தகையோர் மறையுமுன், தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் தன் பழைய கருவியையும் படங்களையும் வெளியே எடுத்து ஒளியில் பார்ப்பது நல்லது. குற்றம் தெரிந்தால்தான் மருந்து தேட முடியும். தேடிச் செல்லும் கடை தொலைவில் இருக்கலாம். இரு மணி நேரப் பேருந்துப் பயணம் ஒரு தோட்டத்தின் நினைவுக்கு அதிக விலை ஆகாது.