ரீசெட் அடிக்கவா?

"ரீசெட் அடிச்சாச் சரியாகும் தம்பி. ஆனா உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் போயிரும். பரவாயில்லையா?"

உட்துறைமுக வீதிப் பக்கம் இருக்கிற போன் கடை அண்ணா கேட்டார். முதல்நாள் இரவு பெரிய அப்டேட் ஒன்று போட்டிருந்தேன். விடிய எழும்பிப் பார்த்தா போன் சுடுது. டைப் பண்ணப் போனா அப்படியே நிண்டுபோகுது.

"ஓம்" சொல்ல வாயெடுத்தேன். அப்பதான் அம்மம்மா ஞாபகம் வந்தது. அவ போறதுக்கு முதல் கதைச்சதெல்லாம் அதுக்குள்ளதான் பதிஞ்சு வைத்திருந்தேன். 2004 மார்கழி 26, கடல் வந்த காலையில் கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு ஓடின கதையும். வேறெங்கும் பிரதி இல்லை.

போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சேஃப் மோடில போட்டுப் பார் எண்டான் கூட்டாளி. பல ஆண்ட்ராய்டு போன்களில் 'பவர் ஆஃப்' பட்டனைத் திரையில் அழுத்திப் பிடிச்சா அது வரும். நாங்கள் இறக்கின ஆப் ஒன்றும் அதில் ஓடாது. ஃபைல் எதுவும் அழியாது. போன் ஒழுங்கா வேலை செய்தது. அப்ப பிழை நான் போட்ட ஏதோ ஆப்பில்தான்.

முதல் வேலையா பதிவுகளை லேப்டாப்புக்கு மாத்தினேன். பிறகு ஆப்களை ஒவ்வொன்றா நீக்கினதில், வருஷக்கணக்கா அப்டேட் பண்ணாத தமிழ்க் கீபோர்டு ஒன்று மாட்டிச்சு. சூடு இரண்டு நாளில் தானாகத் தணிஞ்சது. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு போன் பின்னணியில் நிறைய வேலை செய்யும்.

அண்டைக்கு வீட்டு ஆல்பம் எல்லாம் கடலோட போச்சு எண்டு அம்மம்மா ஒரு பதிவில சொல்லுறா. அவவின்ர இளவயதுப் படம் ஒன்றுகூட எங்களிட்ட இல்லை.

அடுத்த அப்டேட்டுக்கு முதல், உங்கட போனில மட்டும் இருக்கிறது என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ.