அன்றன்றைக்கு உள்ளது

உலை கொதித்ததும் ஆயா ஆழாக்கால் அரிசி அளப்பார். அளந்ததிலிருந்து ஒரு பிடியை எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். ரேஷன் அரிசியோ, மீஞ்சூர் கடையில் கடனுக்கு வாங்கியதோ, அந்தப் பிடி ஒருநாளும் சிறுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை டப்பா சபைக்குப் போகும். அங்கே சேர்ந்த அரிசி, அடுப்பு எரியாத வீட்டுக்குப் போகும். “நமக்கே பத்தாதே ஆயா” என்று கேட்டால், “இன்னிக்கு உலை வெச்சிட்டோம் இல்ல? அதுக்குத்தான்டா இது” என்பார்.

சாப்பாட்டு ஜெபமும் அப்படித்தான், பொத்தாம்பொதுவாக இருக்காது. நல்ல தண்ணி வந்ததுக்கு ஸ்தோத்திரம். மாமா ராத்திரி ஷிப்டு முடிந்து நல்லபடியாக வந்ததுக்கு ஸ்தோத்திரம். இறால் கொடுத்துவிட்டுப் போன பெண்ணின் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் ஒரு கண்ணைத் திறந்து குழம்பைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தண்ணீருக்கு ஏன் முதல் நன்றி என்பது எங்கள் வள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரைச் சென்னைக்காகப் பல ஆண்டுகள் உறிஞ்சியதில், கடல் உள்ளே புகுந்து கிணறுகள் உப்புக் கரித்தன. 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், அதுவும் நகரத்துக்கு. ஆயாவுக்கு ஒரு குடம் நல்ல தண்ணியே அன்றைய அற்புதம்.

இறால் கொற்றலையாற்றின் எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து வரும். இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்திருப்பார்கள், இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்க வேண்டுமே! சிப்பி கிழித்த விரல்களோடு வந்து எங்கள் வாசலில் பறியைக் கவிழ்ப்பார்கள். அன்று கிடைத்தது அன்றைய அரிசிக்கு. நாளைக்கென்று ஆற்றில் எதையும் பூட்டிவைக்க முடியாது.

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பறிதான் நினைவுக்கு வரும். வனாந்தரத்தில் மன்னா காலைதோறும் விழுந்தது. வெயில் ஏறினால் உருகியது. மறுநாளுக்கென்று ஒளித்துவைத்தவர்களுடையது புழுத்து நாறியது. ஒரு மாதத்துக்குச் சேர்த்து ஒரேயடியாகக் கொடுத்திருக்கலாமே என்று சின்ன வயதில் தோன்றும். கொடுத்திருந்தால் ஒரு மாதம் ஜனங்கள் வானத்தை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் அந்தந்த நாளின் ஆகாரத்தைத்தான் கேட்கிறோம்.

மாமா ஒப்பந்தக் கூலி. வள்ளூர் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று எழும்பிய பிறகு, ஊரில் பலருக்கு அந்தந்த நாள் வேலைதான் கதி. வேலை இல்லையென்று திரும்பிய நாளில் ஆயா கஞ்சியும் கருவாடும் வைப்பார். அன்றைக்கும் ஜெபம் அதே நீளம். ஆயா பிறந்த இராயபுரத்தில், படகுக்காரர்கள் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் இருக்கிறது. இராயப்பர் என்கிற பேதுருவும் இரா முழுக்க வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் கரையேறியவர்தான். வெறும் வலையோடு நின்றவரின் படகில்தான் ஆண்டவர் ஏறினார் என்று ஆயா அடிக்கடி சொல்வார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் வாளியிலும் குவளையிலும் எண்ணெயை அள்ளினார்கள். வலையும் படகும் கறுத்துப்போயின. மீன் பிடித்தாலும் வாங்க ஆளில்லை. ஆயா இருந்திருந்தால் அந்த நாட்களில் டப்பாவில் இரண்டு பிடி விழுந்திருக்கும். ஜெபத்தில் பறி ஏந்தும் பெண்கள் ஒவ்வொருவரும் பெயரோடு வந்திருப்பார்கள்.

தட்டில் இருப்பதற்கு நன்றி சொல்கிறவர், அது வந்த வழியையும் நினைக்காமல் இருக்க முடியாது. மன்னாவில் ஓர் ஓமர் அளவு மட்டும் கெடாமல் காக்கப்பட்டது, பின்வரும் சந்ததி பார்ப்பதற்காக. நம் பிள்ளைகளுக்குக் காட்ட நாம் காக்க வேண்டியது இறால் உயிரோடிருக்கும் இந்த ஆற்றை. ஆகாரத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லும் நம் சபைகள் ஆற்றுக்காகவும் வாய் திறக்க வேண்டும்.