வயிற்றுப் பக்கம்

உடுப்பிட்டி, பெப்ரவரி 4

மாரி ஓய்ந்து காற்றில் ஈரம் குறைந்திருக்கிறது. மாடல் விமானத்துக்கு லக்கர் வார்னிஷ் அடிக்க வடமராட்சியில் இதைவிட நல்ல காலம் இல்லை. கார்த்திகை, மார்கழியில் அடித்தால் ஈரம் பூச்சுக்குள் சிக்கி அது வெளுத்துவிடும். டெக்கல் என்ற குறிப்படலத்தை ஒட்டுமுன் மினுக்கு வார்னிஷ் அடித்தே ஆகவேண்டும். மங்கலான பெயின்றின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அதன்மேல் டெக்கலை வைத்தால் மெல்லிய படலத்துக்கு அடியில் காற்று தங்கி, பார்க்கும் கோணத்துக்கேற்ப வெள்ளி மினுக்கமாகத் தெரியும். உண்மையான விமானத்தில் நேரே பூசப்பட்ட குறி, மாடலில் ஒட்டிய தாளாகிவிடும். வேலையில் இருப்பது மிராஜ் 2000, 1/32 அளவு. 14.36 மீற்றர் நீள விமானம் இந்த அளவில் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் வரும். 1/72 அளவில் 20 சென்ரிமீற்றர்தான். சிறிய மாடலில் கண்ணுக்குத் தப்பிவிடும் எச்சரிக்கை எழுத்தும் அம்புக்குறியும் இதில் வாசிக்கும்படி இருக்கும். ஆனாலும் பெரிய ஜெட் மாடல்களில் நூற்றுக்கணக்கான சிறு எழுத்துக்களை முதுகிலும் மூக்கிலும் பொறுமையாக ஒட்டுகிறவர்கள், வயிற்றுப் பக்கம் வந்ததும் ஒரே சாம்பல் நிறத்தை அடித்து, நாட்டைக் குறிக்கும் இரண்டு வட்டங்களை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். இது தவறு என்றே நினைக்கிறேன். விமானத்தின் வண்ணம் பார்ப்பவருடைய கண்ணை எண்ணித் தீட்டப்படுவது. பறக்கும் விமானத்தைப் பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் கீழே நிற்பவர்கள். அந்தப் பக்கத்தை விட்டால் பாதி விமானத்தைத்தான் செய்திருக்கிறோம்.

பெப்ரவரி 8

அடிப்பக்கம் முக்கியம் என்பதற்குச் சான்று விமானங்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய காலத்தில் பிரித்தானியச் சண்டை விமானங்களின் அடிப்பக்கத்தில் இடது இறக்கை கறுப்பாகவும் வலது இறக்கை வெள்ளையாகவும் இருந்தன. தரையில் நிற்கும் காவலர் பார்த்தவுடன் தம்முடையது என்று அறியவேண்டும் என்பதே காரணம். 1943 யூலையில் சிசிலித் தீவில் நேசநாடுகளின் போக்குவரத்து விமானங்களை அவர்களுடைய பீரங்கிகளே சுட்டு வீழ்த்தின. அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் 1944 யூன் நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு முன் இறக்கையிலும் உடலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அவசர அவசரமாகப் பூசப்பட்டன. நமது பக்கத்தில் இன்னொரு மாற்றம் நடந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. அவற்றின் இறக்கையில் இருந்தது சிவப்பு வட்டம். தெற்காசியாவில் பறந்த பிரித்தானிய, இந்திய விமானங்களின் வட்டத்தின் நடுவிலும் சிவப்பு இருந்ததால், அதை நீக்கி இரண்டு நீலங்களாக மாற்றினார்கள். ஒரு வட்டத்தின் நடு நிறம் ஓட்டியின் உயிரைத் தீர்மானித்திருக்கிறது. அந்த நிறத்தைப் படித்த கண்களில் எத்தனையோ நிலத்தில் இருந்தவை.

ஒளிப்பதற்கான வண்ணத்திலும் இதே கதைதான். மேற்பக்கம் கருமை, அடிப்பக்கம் வெளிர் நிறம் என்ற முறையை இயற்கையில் ஆராய்ந்து விளக்கியவர் ஆபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். அவருடைய ஆய்வுகளைத் தொகுத்த நூல் 1909இல் வந்தது. வடமராட்சிக் கரையில் இறங்கும் அறக்குளாவைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து பார்த்தால் ஆழ்கடலோடும், கீழிருந்து பார்த்தால் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். கனடாவின் சி.எஃப்-18 விமானங்கள் ஒரு படி மேலே போயின. அவற்றின் வயிற்றில் விமானியின் கூண்டு போலவே ஒரு கருஞ்சாம்பல் வடிவம் தீட்டப்பட்டிருக்கும். வானில் திரும்பும்போது எது முதுகு, எது வயிறு என்று எதிரி ஒரு கணம் தடுமாறவேண்டும் என்பது நோக்கம். அந்த விமானத்தின் மாடலில் அடிப்பக்கத்தை ஒப்புக்குச் செய்தால் அதன் மிகக் கூர்மையான எண்ணமே தொலைந்துவிடும். சாதாரண பயணிகள் விமானத்துக்கும் சட்டம் உண்டு. சர்வதேச விதியின்படி பதிவெழுத்து இறக்கையின் அடியில், பொதுவாக இடது பக்கத்தில், குறைந்தது 50 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கவேண்டும். உடற்பகுதியில் 30 போதும். கீழே நிற்பவர் வாசிப்பதற்குத்தான் பெரிய எழுத்தை ஒதுக்கியிருக்கிறார்கள்.

பக்கத்தில் வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுபவர்கள் இதை எப்போதோ அறிந்தவர்கள். வாடைக்காற்றில் ஏறும் அந்தப் பெரும் பட்டங்களில் விமான வடிவங்களும் உண்டு. கடற்கரையில் திரளும் சனம் பார்ப்பது அவற்றின் அடிப்பக்கத்தை. வண்ணத்தை எங்கே இடுவது என்று அந்தக் கலைஞர்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

பெப்ரவரி 15

இந்தக் கருத்துக்கு வரும் மறுப்புகளில் முதலாவது, மேசையில் சக்கரத்தில் நிற்கும் மாடலின் வயிற்றை யாரும் பார்ப்பதில்லை, போட்டி நடுவர்கள்கூடப் பெரும்பாலும் மாடலைக் கையில் எடுப்பதில்லை என்பது. உண்மைதான். ஆனால் இது வைக்கும் முறை பற்றிய குறை; அதை வைத்து வேலையின் அளவைத் தீர்மானிக்கக்கூடாது. சக்கரங்களை உள்ளே மடக்கி, தாங்கியில் பறக்கும் நிலையில் வைத்தால் பார்வை மாறிவிடும்.

இரண்டாவது மறுப்பு கைவினை சார்ந்தது, அதற்குக் கனம் அதிகம். அடிப்பக்கத்தை முடித்துவிட்டு மேற்பக்கம் செய்யும்போது விமானம் வயிற்றின் மேலேயே கிடக்கவேண்டும். ஒட்டிய எழுத்துக்கள் உரசிக் கிழியும். இதற்கு ஜெட் விமானமே வழி தருகிறது. வால்குழாய்க்குள் ஒரு தடியை இறுக்கிச் செருகினால் உடலைத் தொடாமலே எந்தப் பக்கமும் திருப்பலாம். அடிப்பக்க டெக்கல் முழுவதையும் ஒட்டி, மென்மையாக்கும் திரவம் தடவி, படலம் தகட்டுக் கோடுகளுக்குள் இறங்கிக் காய்ந்தபின் மேலே ஒரு தடவை மினுக்கு வார்னிஷ் அடித்துவிட்டால் அது கைபட்டாலும் தாங்கும். மேற்பக்கத்தை அதற்குப் பிறகு தொடங்கலாம். மூன்றாவது, அடிப்பக்கம் எப்படியும் அழுக்குத்தானே, எண்ணெய்க் கறை அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்பார்கள். கறைக்கும் ஒழுங்கு உண்டு. பறக்கையில் கசியும் திரவம் காற்றோட்டத்தோடு பின்னால் நீளும். நிற்கையில் கசிவது சொட்டாகத் திரளும். அணுகு மூடிகள், எரிபொருள் வடியும் துளைகள், உயர்த்தி முட்டுக்கொடுக்கும் இடங்கள் எங்கே என்று சொல்லும் குறிகளை ஒட்டினால்தான் கறை எங்கிருந்து புறப்படவேண்டும் என்பதே தெரியும்.

பெப்ரவரி 18

கடைசி மறுப்பைக் கைவினையால் தீர்க்கமுடியாது. ‘பொம்மர்’ என்ற சத்தம் கேட்டதும் பங்கருக்கு ஓடிய ஊரில் போர்விமானத்தை அழகாகச் செய்து வைப்பது என்ன நியாயம்? 1987 மே 26இல் தொடங்கிய வடமராட்சி இராணுவ நடவடிக்கையில் இந்தப் பகுதி வானிலிருந்து தாக்கப்பட்டது. 1995இல் யூலை 9 நவாலித் தேவாலயத்திலும், செப்ரெம்பர் 22 நாகர்கோவில் பாடசாலையிலும் விழுந்த குண்டுகளை யாழ்ப்பாணம் மறக்காது. 1996க்குப் பிறகு கிபிர் போர்விமானம் வந்தது. கேட்பவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. போர்விமானமே வேண்டாம் என்று ஒருவர் தீர்மானித்தால் அதை நான் மதிக்கிறேன். ஆனால் செய்வதானால், வயிற்றுப் பக்கத்தை விட்டுச் செய்வதுதான் பெரிய அவமதிப்பு. முதுகைத் தேய்த்து மினுக்கிய மாடல், ஓடுதளத்தில் நிற்கும் விமானத்தைக் காட்டுகிறது. அது ஓட்டியும் தொழில்நுட்பவியலாளரும் கண்ட காட்சி. பங்கர் வாசலில் நின்றவர் கண்டது வேறு. அந்தக் காட்சியையும் மாடல் சுமக்கவேண்டும்.

மிராஜைத் தெரிவுசெய்ததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. 1987 யூன் 4இல் ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள் ஏறத்தாழ 25 தொன் நிவாரணப் பொருட்களை யாழ்ப்பாணத்தின் மேல் போட்டபோது துணைக்கு வந்தவை இந்திய மிராஜ் 2000கள். சில நாட்களுக்கு முன் குண்டு விழுந்த அதே வானம். எஞ்சின் சத்தம் எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும் நிலையில், இவை யாருடையவை என்று கீழே இருப்பவருக்குச் சொல்லக்கூடியது அடிப்பக்கத்துக் குறிதான். காவி நடுவில், வெள்ளை, பச்சை விளிம்பு. ஆகவே இந்த மாடலில் வட்டத்தின் பருமனையும் இடத்தையும் டெக்கல் தாளை மட்டும் நம்பி வைக்கக்கூடாது. அந்தக் காலத்து ஒளிப்படங்களோடு ஒப்பிட்டே வைக்கவேண்டும். தாங்கி வால்குழாயிலேயே பொருந்தட்டும், வயிற்றில் துளை போடத் தேவையில்லை. அலுமாரியின் மேல்தட்டில், கண்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்தில், இடது இறக்கை பார்ப்பவர் பக்கம் சற்று உயரும்படி வைத்தால் அடிப்பக்கத்து எழுத்துக்களில் பெரும்பாலானவை நின்ற இடத்திலிருந்தே வாசிக்கக் கிடைக்கும்.