பெரகலச் சந்தியில் ஒரு மாலை

பதுளையிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை வழியாகக் கொழும்புக்குச் செல்லும் பாதை பெரகலச் சந்தியில் இரண்டாகக் கிளைக்கிறது. வலப்புறம் சென்றால் பலாங்கொடை; இடப்புறம் இறங்கினால் கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி, வெல்லவாய. தெளிந்த நாளில் இங்கிருந்து தென்னிலங்கைச் சமவெளி கண்ணுக்கெட்டும் தூரம் விரிந்து தோன்றும். நாம் சென்ற மாலையிலோ மூடுபனி மலையையும் கடைகளையும் ஒருங்கே விழுங்கியிருந்தது.

எம்முடன் மாணவர் பன்னிருவர் இருந்தனர். கூடைப்பந்துப் போட்டியொன்றில் முதன்முறையாக இறுதியாட்டம் வரை முன்னேறி, இரண்டே புள்ளிகளில் வெற்றியைக் கைநழுவவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பதுளை பஸ் வரும்வரை தேநீர்க் கடையொன்றில் ஒதுங்கினோம். அன்று அதிகப் புள்ளி பெற்ற மாணவன் மட்டும் தேநீரைத் தொடாமல், காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கொஸ்லந்தைப் பக்கமே பார்த்து நின்றான். தோல்வியை எண்ணி வருந்துகிறான் போலும் என்று அருகில் சென்றோம்.

“நான் போட்ட பாட்டு சேர், கேட்டுப் பாருங்க” என்று நீட்டினான்.

கைத்தொலைபேசியிலேயே ஆக்கிய மின்னிசை அது. பனியைப் போலவே கனத்து மெல்ல நகரும் தாழ்ந்த சுரங்கள். அவற்றின் அடியில் தப்பின் அடி. “ஏனப்பா இத்துணை இருள்?” என்று வினவினோம்.

“மீரியபெத்த சேர். அப்ப எனக்கு ஏழு வயசு.”

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் போக்கிடமின்றி மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். மண்ணுள் மறைந்தோர் பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை.

“வீட்டுல இதைச் சாவு மேளம்னு சொல்றாங்க. விட்டுடட்டுமா சேர்?” என்றான்.

எமக்கு உடனே விடை தோன்றவில்லை. அவன் விரும்பிக் கேட்கும் இவ்விசையின் வரலாற்றை நினைத்துப் பார்த்தோம். 1978இல் இலண்டனில் டேனியல் மில்லர் என்னும் இளைஞர், தம் வீட்டிலேயே சிறியதொரு சிந்தசைஸரையும் ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டு இரண்டு பாடல்களை ஆக்கி, பெரிய கம்பனிகளை நாடாமல் தாமே இசைத்தட்டாக வெளியிட்டார். அவர் தொடங்கிய மியூட் நிறுவனமே டெபேஷ் மோட் குழுவை உலகறியச் செய்தது. ஈழத்துப் பெற்றோரின் மகளான மாதங்கி அருள்பிரகாசம், 2007இல் வெளியிட்ட ‘கலா’ இசைத்தொகுப்பில் சென்னையில் பதிவான உறுமியின் ஒலியை மின்னிசையோடு இணைத்தார். அங்கே உறுமி சேருமாயின், இங்கே தப்பு சேர்வதில் குற்றமென்ன?

அவன் ஆடும் ஆட்டமும் எளிமையிற் பிறந்ததுதான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பெட்டிகள் கேட்டார். கிடைத்தவையோ பீச் பழக் கூடைகள். அவற்றையே 10 அடி உயரத்தில் அறைந்து ஆட்டத்தைத் தொடங்கினார். இன்றும் வளையத்தின் உயரம் அதுவே. எம் மாணவனும் லயத்தின் பின்சுவரில் கட்டிய பழைய கொழுந்துக் கூடையில் எறிந்தே குறி பழகினான்.

“தப்பு சாவுக்கும் ஒலிக்கும், திருவிழாவுக்கும் ஒலிக்கும். சாவுக்கு ஒலிக்கிறதென்று அதை யாரும் எறிந்துவிடவில்லையே! நீயும் விடாதே” என்றோம்.

பஸ் வந்தது. ஏறியமர்ந்ததும் மற்ற மாணவர் வற்புறுத்த, அவன் பாட்டை எல்லோரும் கேட்க ஒலிக்கவிட்டான். அதுவரை தோல்வியைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தவர்கள் அடங்கினர். வண்டி அப்புத்தளையை நோக்கி ஏறத் தொடங்கியது. பன்னிருவரும் கொஸ்லந்தைப் பக்கம் திரும்பிப் பார்த்தனர். பனியில் ஒன்றும் தெரியவில்லை. ஆயினும் சந்தி மறையும்வரை ஒருவரும் முகம் திருப்பவில்லை.