படிக்கட்டின் அடியில் நிற்பது யார்?



வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இங்கிலாந்திலோ பணிபுரியும் மகன், ஊரிலிருந்து வாப்பாவையும் உம்மாவையும் வரவழைத்து, மனைவி மக்களோடு ஒரு வாரக் கப்பல் பயணத்திற்குச் சீட்டு எடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசா, ஹலால் உணவு, அறை வசதி ஆகிய அனைத்தையும் பேசி முடித்தபின், பெட்டி கட்டும் இரவில்தான் ஒரு சிறிய கேள்வி எழும். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தள்ளுவண்டியை எடுத்துச் செல்வதா, உடலோடு கட்டிச் சுமக்கும் கேரியரை எடுத்துச் செல்வதா?

கேரியர் என்றதும் நம்மவர்க்குச் சோற்றுக் கேரியர்தான் நினைவுக்கு வரும். இங்கே நாம் கூறுவது, தோளிலும் இடுப்பிலும் பட்டைகளை மாட்டி, குழந்தையை மார்போடோ முதுகோடோ அணைத்துக்கொள்ளும் துணிப்பையை. கேள்வி சிறியதுதான். ஆனால், ஒரு நகரில் இறங்கிய குடும்பத்தில் யார் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், யார் படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தத் தேர்வேயாகும். அவ்வாறு நின்றுவிடுபவர் அநேகமாகக் குழந்தையின் தாயாகவே இருக்கிறார் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கிழக்கு மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பல்கள் வழக்கமாகத் தொட்டுச் செல்லும் நான்கு துறைமுகங்களை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

இரண்டும் பிறந்த கதை

குடைபோல் மடங்கும் இலேசான தள்ளுவண்டியை உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 'ஸ்பிட்ஃபயர்' போர் விமானத்தின் சக்கர அமைப்பை வடிவமைப்பதில் பங்கேற்ற பொறியாளர் அவர். கனத்த வண்டியோடு பயணம் செய்வதில் தம் மகள் பட்ட சிரமத்தைக் கண்டு, விமானச் சக்கரம் மடங்கும் நுட்பத்தை அலுமினியக் குழாய்களில் புகுத்தி, 1965ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

கேரியரின் கதை ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது. அமெரிக்கச் செவிலியரான ஆன் மூர், 1960களின் தொடக்கத்தில் டோகோ நாட்டில் தொண்டாற்றியபோது, அந்நாட்டுத் தாய்மார்கள் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு எல்லா வேலைகளையும் செய்வதைக் கண்டார். நாடு திரும்பியதும் தம் தாயாரின் தையல் உதவியுடன் அதே முறையில் ஒரு பையை அமைத்தார். 1969இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே உலை வைத்த நம் பாட்டிமார்களுக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது!

ஒன்று சமதளத்திற்காகப் பிறந்தது. மற்றொன்று பாதையற்ற இடங்களிலும் வேலைக்கு நடுவிலும் பயன்படப் பிறந்தது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு கப்பலில் ஏறுவோம்.

கப்பலுக்குள்ளே

பெரிய கப்பல்களில் தளங்கள் சமமானவை. லிஃப்டுகள் பல உண்டு. ஆகவே வண்டி எளிதாக உருளும். இடையூறு அறை வாசலில் தொடங்குகிறது. சாதாரண அறைகளின் கதவுகள் வீட்டுக் கதவைக் காட்டிலும் குறுகலானவை. இரட்டைக் குழந்தைகளை அருகருகே அமர்த்தும் அகன்ற வண்டி அவற்றினுள் நுழைவது கடினம். உள்ளே கட்டில், சாய்விருக்கை, குழந்தையின் தொட்டில் போக எஞ்சும் இடமும் சொற்பமே. வண்டியை வெளியே நடைவழியில் நிறுத்திவிடலாமென எண்ணாதீர்கள். தீ விபத்து நேர்ந்தால் ஆயிரக்கணக்கானோர் ஓட வேண்டிய வழி அது. அங்கே பொருள்களை வைக்க ஊழியர்கள் அனுமதிப்பதில்லை.

மற்றொன்றையும் கூறவேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையருகே 'கோஸ்டா கன்கார்டியா' என்ற கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தது; 32 பேர் உயிரிழந்தனர். அதன்பின் பன்னாட்டு விதி திருத்தப்பட்டு, புதிதாக ஏறிய பயணிகளுக்கான பாதுகாப்புப் பயிற்சி, கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்டவுடனேயோ நடைபெற வேண்டுமென்பது 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்து வேளையில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. படிக்கட்டுகளில் இறங்கித்தான் குறிப்பிட்ட இடத்திற்குச் செல்லவேண்டும். அங்கே வண்டிக்கு வேலையில்லை. குழந்தையை யார் தூக்குவது, வயது முதிர்ந்தவரின் கையை யார் பற்றுவது என்பதை முதல் நாளிலேயே குடும்பத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கான சிறிய உயிர்காப்பு அங்கி அறையில் இல்லையெனில் அன்றே கேட்டுப் பெறுங்கள். அந்த அங்கியைக் குழந்தைக்குத் தனியே அணிவிக்க வேண்டும். கேரியரில் கட்டியபடியே உங்கள் அங்கிக்குள் சேர்த்து வைப்பது பாதுகாப்பாகாது.

இஸ்தான்புல்: இரண்டும் வேண்டிய நகரம்

இஸ்தான்புல்லில் 2021இல் திறக்கப்பட்ட கலாட்டாபோர்ட் முனையத்தின் பயணியர் கூடம் நிலத்தடியில் அமைந்துள்ளது. வெளியே வந்தால் கடலோர நடைபாதை; சற்றுத் தொலைவில் டிராம் நிறுத்தம். தாழ்ந்த தளமுடைய அந்த டிராமில் வண்டியை உருட்டியே ஏற்றிவிடலாம். கலாட்டா பாலத்தைக் கடந்து சுல்தானஹ்மத் சதுக்கத்தில் இறங்கினால், ஒருபுறம் நீலப் பள்ளிவாசல், மறுபுறம் ஆயா சோஃபியா. நடுவே மரநிழல் படர்ந்த திடல். உறங்கும் குழந்தைக்கு வண்டியே இங்கு வசதி.

ஆனால் பள்ளிவாசலுக்குள் காலணியோடு செல்ல இயலாதது போலவே, தெருப் புழுதி படிந்த சக்கரங்களோடும் விரிப்பின்மீது செல்ல இயலாது. வண்டியை வெளியில் நிறுத்திவிட்டுக் குழந்தையைத் தூக்கிச் செல்லவேண்டும். தொழுகை நேரமாயின் தாயும் தந்தையும் முறைவைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதே நன்று. மேலும், 2024 ஜனவரி முதல் ஆயா சோஃபியாவுக்குச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிகள் கட்டணம் செலுத்தி மேல்மாடத்திற்குச் செல்லுமாறு ஏற்பாடு செய்துள்ளனர். பழங்காலக் கல் பாவிய அக்கட்டடத்தில் சக்கரங்களை நம்புவதைவிடத் தோளை நம்புவதே மேல்.

துறைமுகத்திற்கு அண்மையிலுள்ள கலாட்டா கோபுரத்தைக் காண விரும்பினால், செங்குத்தான தெருக்களும் படிகளும் எதிர்ப்படும். அச்சரிவைத் தவிர்க்க, காரக்கோயிலிருந்து மேட்டுக்கு ஏறும் 'தூனெல்' என்னும் சுரங்க இரயில் 1875 முதல் ஓடுகிறது. இரண்டு நிமிடங்கூட ஆகாத பயணம். குழந்தைகள் மிகவும் விரும்புவார்கள்.

எபேசு: பளிங்கின்மீது சக்கரம் ஓடாது

துருக்கியின் குசாதாசியில் கப்பல் நகரை ஒட்டியே நிற்கும். அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் எபேசு என்னும் பண்டை நகரின் இடிபாடுகள் உள்ளன. 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இடம். மேல்வாசலில் நுழைந்து, சரிந்து செல்லும் பளிங்குத் தெருவழியே செல்சஸ் நூலகத்தின் முகப்பை அடைந்து, கீழ்வாசலில் வெளியேறுவது வழக்கம். இருபது நூற்றாண்டுக் காலம் மனிதப் பாதங்கள் தேய்த்த பளிங்கு வழுக்கும். பாளங்களுக்கிடையே உள்ள பிளவுகளில் தள்ளுவண்டியின் சிறு சக்கரம் சிக்கும். நிழலோ அரிது.

இங்கே கேரியர்தான் ஏற்றது. ஆனால் வெயிலை மறந்துவிடலாகாது. உடலோடு உடல் ஒட்டியிருக்கையில் இருவரின் சூடும் ஒன்றையொன்று கூட்டும். குழந்தைக்கு ஒற்றைப் பருத்தி ஆடையும் அகன்ற தொப்பியும் போதும். அடிக்கடி நிழலில் இறக்கி நீர் புகட்டுங்கள். வண்டியில் அழைத்துச் செல்லும் இடங்களிலும், வெயிலுக்காக அதன் முகப்பைத் துணியால் முழுவதுமாக மூடாதீர்கள். காற்றோட்டம் தடைப்பட்டு உள்ளே அடுப்பைப் போல் வெப்பம் ஏறும்.

சந்தோரினி: கரை சேருவதே சோதனை

கிரேக்கத்தின் சந்தோரினித் தீவில் எரிமலை வெடித்து உண்டான ஆழ்கடல் வட்டத்துள் கப்பல் நிற்கும். பயணிகளைச் சிறு படகுகள் கரை சேர்க்கும். படகில் ஏறும்போது வண்டியை மடித்து ஊழியரிடம் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அலையில் படகு ஏறி இறங்குகையில் உங்களுக்கு ஒரு கையாவது வெறுமையாக இருக்கவேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கரையிலிருந்து பாறை முகட்டிலுள்ள ஃபீரா நகருக்குச் செல்ல மூன்று வழிகள். ஏறத்தாழ 590 படிகள் ஏறலாம். கோவேறு கழுதையில் ஏறலாம். அல்லது 1979இல் அமைக்கப்பட்ட கேபிள் காரில் சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். கழுதைகளும் மனிதர்களும் அதே படிகளையே பயன்படுத்துவதால், அங்கே சாணமும் வழுக்கலும் மிகுதி. மழலையுடன் செல்வோர்க்குக் கேபிள் கார் ஒன்றே வழி. பல கப்பல்கள் ஒரே நாளில் வந்துவிட்டால் அதற்கான வரிசை மிக நீளும். அவ்வரிசையில் நிற்கையிலும் கேரியரில் உள்ள குழந்தை உறங்கிவிடும். கையில் பிடித்த குழந்தையோ அழுது தீர்க்கும். ஃபீராவின் சந்துகளும் படிகளாலேயே ஆனவை. இத்தீவிற்கு வண்டியைக் கொண்டு செல்லவே வேண்டாம்.

துப்ரோவ்னிக்: பாதி வண்டி, பாதி தோள்

குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் பெரிய கப்பல்கள் நிற்கும் குரூஷ் துறைமுகம், பழைய நகரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் உள்ளது; பேருந்தில் செல்லலாம். கோட்டைக்குள் நுழைந்ததும் ஸ்ட்ராடுன் என்ற முதன்மைத் தெரு, சுண்ணாம்புக் கல் பாவி, ஏறத்தாழ 300 மீட்டர் நீளத்திற்குக் கண்ணாடிபோல் விரிந்துகிடக்கும். வண்டிக்கு இதைவிடச் சிறந்த தெரு கிடையாது. ஆனால் அதன் வடபுறத்துச் சந்துகள் யாவும் படிக்கட்டுகளே. நகரைச் சூழ்ந்த 1,940 மீட்டர் மதில்மேல் நடப்பதற்கும் செங்குத்தான படிகள் ஏறவேண்டும்.

இங்கேதான் குடும்பம் இரண்டாகப் பிரியும். "நீங்கள் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பிள்ளையையும் வண்டியையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உம்மா கூறிவிடுவார். மற்றவர்களும் அதனை இயல்பென ஏற்று மேலே ஏறிவிடுவர். ஒரே ஒரு கேரியர் இருந்து, அதைத் தந்தை தம் தோளில் மாட்டிக்கொள்வாரேயானால், அந்தத் தாயும் மதில்மேல் நின்று அட்ரியாடிக் கடலைக் காண்பார் அல்லவா?

சுமையின் கணக்கு

ஆனால் தோளுக்கும் ஓர் எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, ஒரு வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9. இரண்டு வயதில் முறையே 12.2, 11.5. மூன்று வயதில் 14.3, 13.9. தண்ணீர்ப் புட்டியும் மாற்றுத் துணியும் சேர்ந்தால், வெயிலில் இது எளிய சுமையன்று. கேரியர் வாங்குமுன் அது தாங்கும் எடையைப் படித்துப் பாருங்கள். கர்ப்பிணிகளும், முதுகுவலி உள்ளோரும், முதியவர்களும் இதனைச் சுமக்கலாகாது. பெரியவர் இருவரின் அளவுக்கும் பட்டைகளைக் கூட்டிக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது தாயின் தோளிலேயே தங்கிவிடும்.

கட்டும் முறையும் முக்கியமானது. குழந்தையின் முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து, தொடைகள் நன்கு தாங்கப்பட்டிருக்க வேண்டும். உறங்கும்போது தாடை மார்பில் அழுந்தாமல், மூக்கும் வாயும் திறந்திருக்க வேண்டும். கீழே விழுந்த பொருளை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனியுங்கள். ஒரு வயது கடந்த குழந்தையை முதுகில் சுமப்பது எளிது. ஆனால் முதுகில் இருப்பவரின் முகம் உங்களுக்குத் தெரியாது. உடன் வருபவர் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதை எடுத்துச் செல்வது?

இடமும் பணமும் ஒன்றுக்குத்தான் உண்டெனில், இந்த நான்கு துறைமுகங்கள் கொண்ட பயணத்திற்குக் கேரியரையே எடுத்துச் செல்லுங்கள். இரண்டும் இயலுமெனில், குடைபோல் மடங்கும் மிகச் சிறிய வண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்பலுக்குள்ளும் இஸ்தான்புல்லிலும் ஸ்ட்ராடுன் தெருவிலும் அது உதவும். முதுகு இடந்தராதவர்கள் வண்டியை மட்டும் கொண்டுசென்று, சந்தோரினியில் இறங்காமல் ஆள் குறைந்த கப்பலின் மேல்தளத்தில் அந்நாளைக் கழிக்கலாம்; அதுவும் இன்பமே.

ஒவ்வொரு துறைமுகத்திற்கும் முந்திய இரவில், உணவு மேசையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நாளை கப்பல் கரையை ஒட்டி நிற்குமா, படகில் செல்லவேண்டுமா? பார்க்கப்போகும் இடத்தில் படிகள் எத்தனை? முற்பகலில் குழந்தையைச் சுமப்பவர் யார், பிற்பகலில் யார்? மூன்றாவது கேள்விக்கு, வாப்பாவாகிய நீங்கள் முதலில் கை தூக்குங்கள். பயணம் முடிந்து புகைப்படங்களை விரித்துப் பார்க்கும் நாளில், படம் எடுத்தவராகவோ கீழே காத்திருந்தவராகவோ மட்டும் உங்கள் வீட்டில் எவரும் இருக்கமாட்டார்கள், இன்ஷா அல்லாஹ்.